புது ரப்பர்

இதை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே உறுதியில்லை. சம்பந்தப்பட்ட அண்ணன், தங்கை, தம்பி மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். அவர்கள் சொன்ன மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. அன்று மழை பெய்ததா, முதலில் குரலை உயர்த்தியது யார், இடையில் எவ்வளவு நேரம் யாரும் பேசாமல் இருந்தார்கள் என்பதிலெல்லாம் எனக்குத் தடுமாற்றம் இருக்கிறது. ஆனால் ரப்பரை மாற்றியது அண்ணன்தான். அந்த ஒன்றில் மட்டும் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை, அண்ணன் உட்பட.

அண்ணனைத் தெருவில் பாலிஷ் என்பார்கள். பழைய வீடியோ கேம் கன்ட்ரோலர்களைப் பெட்டியிலிருந்து அப்போதுதான் பிரித்ததுபோல ஆக்கிக் கொடுப்பது அவருடைய தொழில். முப்பது வருடத்தில் மஞ்சள் ஏறிப்போன பிளாஸ்டிக் ஓட்டின் மேல் தலைமுடியை வெளுக்க வைக்கும் மருந்தைப் பூசி, கண்ணாடித் தாளால் மூடி, வெயிலில் வைப்பார். சாயங்காலம் அது சாம்பல் நிறத்துக்குத் திரும்பியிருக்கும். பொத்தான் இடுக்கில் யாரோ ஒரு பிள்ளை எந்தக் காலத்திலோ விட்டுப்போன அழுக்கைப் பல் குச்சியால் சுரண்டி எடுப்பார். சேகரிப்பவர்கள் தூர ஊர்களிலிருந்தெல்லாம் அவருக்கு அனுப்பி வைப்பார்கள். அவர்களில் யாரும் அதை வைத்து விளையாடுவதில்லை. கண்ணாடி அலமாரிக்குள் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பார்கள்.

கடை நீளமான ஒற்றை அறை. நடுவில் ஒரு இரும்பு ராக். ராக்குக்கு இந்தப் பக்கம் பாலிஷ், அந்தப் பக்கம் தங்கை.

தங்கை முன்பு மருத்துவமனையில் கருவிகள் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தவள். அவளும் அதே பழைய கன்ட்ரோலர்களைத்தான் வாங்குவாள், வாங்கியதும் அறுப்பாள். கைக்கு வலு இல்லாதவர்களுக்கு அவற்றை வேறொன்றாக மாற்றித் தருவாள். படுத்த படுக்கையாக இருப்பவர் கட்டிலை ஏற்றி இறக்க ஒன்று, வாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர் டிவி மாற்ற ஒன்று, பேச முடியாத ஒரு பெண் திரையில் எழுத்துகளைப் பொறுக்க ஒன்று. புதுசு எதற்கும் ஆகாது என்பாள். புதுசில் இரண்டு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும், பின்பக்கம் நாலு விசை, அது போதாதென்று கையில் அதிரும். நாலு விரலால் இறுக்கிப் பிடிக்கத் தெரிந்தவனுக்கு மட்டும் செய்தது. பழசில் அந்த வம்பு இல்லை. இடப்பக்கம் திசைக்கு பிளஸ் குறிபோல ஒரு பட்டன், வலப்பக்கம் இரண்டு வட்டப் பட்டன், அவ்வளவுதான். மடியில் தட்டையாகக் கிடக்கும். கட்டைவிரல் இரண்டு இருந்தால் போதும். ஒரு சின்ன டப்பா வழியாக இணைத்துவிட்டால் எந்தக் கம்ப்யூட்டரும் அதன் பேச்சைக் கேட்கும்.

"செத்தவன் சட்டைய உருவி இன்னொருத்தனுக்கு மாட்டி விடுற வேலை" என்பார் பாலிஷ்.

"செத்ததுக்குப் பவுடர் போட்டு நாற்காலில உக்கார வைக்கறதுக்கு இது எவ்வளவோ தேவலை" என்பாள் தங்கை.

ஆனால் இதை ஒருவரைப் பார்த்து மற்றவர் சொல்வதில்லை. இரண்டு வருடமாக அவர்களுக்குள் நேர்ப்பேச்சு கிடையாது. எல்லாம் குட்டி வழியாகத்தான்.

குட்டி மூன்றாவது. முப்பத்தோரு வயது. தசைகள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்திக்கொண்டே வரும் நோய். இருபத்திரண்டில் கால் போனது, பிறகு தோள், பிறகு விரல்கள். மிச்சமிருந்தது இரண்டு கட்டைவிரலும் நாக்கும். அதில் நாக்குக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் கை கம்ப்யூட்டர் மவுஸைக்கூட நகர்த்த முடியாமல் போனபோது, தங்கை யாரையும் கேட்காமல் பாலிஷின் கண்ணாடி அலமாரியைத் திறந்து அதிலிருந்ததிலேயே நல்லதை எடுத்து, பிரித்து, ஈயம் வைத்து, குட்டியின் மடியில் வைத்துவிட்டாள். மூவரும் சின்ன வயதில் அடித்துக்கொண்டு விளையாடிய அதே கன்ட்ரோலர். பாலிஷ் அதை ஒரு கீறல் இல்லாமல் காப்பாற்றி வைத்திருந்தார். அன்றோடு பேச்சு நின்றது.

குட்டியின் சக்கர நாற்காலி ராக்கின் முனையில் நிற்கும். இரண்டு பக்கமும் அவனுக்குத் தெரியும்.

"குட்டி, அந்தப் பக்கம் இருக்கறவங்ககிட்ட சொல்லு, ஈயப் புகை இங்க வருதுன்னு."

"அக்கா, புகை வருதாம்."

"மூக்கப் பொத்திக்கச் சொல்லு."

"அண்ணா, மூக்கப் பொத்திக்கணுமாம். ரெண்டு பேருக்கும் சேத்து நான் ஒருத்தன் தபால்காரன். எனக்கு ஒரு சைக்கிளாவது வாங்கிக் குடுங்க, ஓட்ட முடியலன்னாலும் சாத்தி வச்சுப் பாத்துக்கறேன்."

அப்படியிருக்கும்போதுதான் கிடங்கு வேலை வந்தது. ஊருக்கு வெளியே பெரிய கிடங்கு. உள்ளே மூன்று மாடி உயரத்துக்கு அடுக்குகள். அடுக்குகளுக்கு நடுவே தண்டவாளத்தில் ஓடும் எந்திரம் பெட்டிகளை எடுத்துக் கீழே கொண்டுவரும். அது பெரும்பாலும் தானாகவே ஓடும். சிக்கிக்கொண்டால் திரையைப் பார்த்து ஒரு ஆள் அதை நகர்த்த வேண்டும். மேல், கீழ், இடம், வலம், பிடி. அதற்கு மேல் அந்த வேலையில் ஒன்றுமில்லை. குட்டி விண்ணப்பம் போட்டான். கிடங்கு சூப்பர்வைசர், உன் சாதனத்தையே கொண்டு வா, இருபது நிமிடத்தில் பத்துப் பெட்டி இறக்கிக் காட்டு, பார்க்கலாம் என்றார். வேலையோடு கிடங்கு வளாகத்திலேயே தரைத்தளத்தில் ஒரு அறை, பார்த்துக்கொள்ள ஒரு ஆள்.

சோதனைக்கு முந்தின நாள் காலை, பாலிஷ் வழக்கம்போல அவனை மாடியிலிருந்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு இறங்கி வந்தார். பாதிப் படியில் குட்டி சொன்னான்: "இது மட்டும் கெடச்சுதுன்னா உங்க ரெண்டு பேர்கிட்ட இருந்தும் தப்பிச்சேன். ராத்திரி கண்ண மூடினா இந்த ராக்குதான் கனவுல வருது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பாலிஷ் சிரிக்கவில்லை. ஒன்பது வருடமாக அந்தப் படிகளில் அவனை ஏற்றி இறக்குகிறார். அவன் எடை எவ்வளவு, எந்தப் படியில் மூச்சு வாங்கும், எந்தத் திருப்பத்தில் அவன் தலை சுவரில் இடிக்கும் என்று அவர் உடம்புக்குத் தெரியும். அதெல்லாம் தப்பிக்க வேண்டிய ஒன்று என்று அவருக்கு அதுவரை தெரியாது.

மதியம் தங்கை கிடங்குக்குப் போனாள், இணைப்பு டப்பாவை அங்கிருக்கும் கம்ப்யூட்டரில் பொருத்திப் பார்க்க. குட்டி மாடியில் படுத்திருந்தான். ஒரு வாரமாகப் பயிற்சி செய்து கட்டைவிரல் களைத்துப்போயிருந்தது. சோதனைவரை பட்டனைத் தொடவே கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கன்ட்ரோலர் அவள் மேசையில் கிடந்தது.

பாலிஷ் ராக்கைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். இரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

ஓட்டில் எண்ணெய்ப் பிசுக்கு. வயர் நுழையும் இடத்தில் பசை வழிந்து காய்ந்திருந்தது. அவர் பிளஸ்ஸின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அழுத்தினார் என்றுகூடச் சொல்ல முடியாது. வைத்ததுமே அது உள்ளே போய்விட்டது. எதிர்ப்பே இல்லை. ஆயிரக்கணக்கான பட்டன்களை அமுக்கிப் பார்த்த விரல் அது. செத்த பட்டன் என்று அது சொன்னது.

திருகாணிகளைக் கழற்றினார். இந்தப் பழைய கன்ட்ரோலர்களில் ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில், பிளஸ்ஸில் என்றால் நாலு முனைக்கும் அடியில், கவிழ்த்த கிண்ணம்போல ஒரு சின்ன ரப்பர் இருக்கும். கிண்ணத்தின் உள்ளே கரிப் பொட்டு. அமுக்கினால் கிண்ணத்தின் சுவர் மடங்கி, கரி கீழே போர்டைத் தொடும். விட்டால் துள்ளி மேலே வரும். சுவர் தடித்திருந்தால் விரலுக்கு வேலை அதிகம். குட்டியுடைய ரப்பரில் சுவர் வெங்காயத் தோல்போல இருந்தது. ஓரமெல்லாம் எலி கொறித்ததுபோல ஏற்ற இறக்கம்.

தேய்ந்துவிட்டது என்று பாலிஷ் நினைத்தார். தேய்ந்ததில் ஏற்ற இறக்கம் வராது என்பது அவருக்குத் தெரியாதா? பிற்பாடு பல தடவை இதைத் தனக்குள் கேட்டுக்கொண்டார். பார்த்தேன், ஆனால் பார்க்கவில்லை என்பதுதான் அவரால் சொல்ல முடிந்தது. அந்த நேரத்தில் அவர் மனதில் இருந்தது வேறு. நாளைக்குத் தம்பி நாலு பேர் முன்னால் இந்த அழுக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்காரப் போகிறான். என் பொருள், என் தம்பி. கசாப்புக்காரி கையில் இரண்டும் என்ன கதியாகியிருக்கிறது பார்.

அவருடைய இழுப்பறையில் ஒரு முழு செட் அசல் ரப்பர் இருந்தது. அந்தக் காலத்திலேயே செய்து, யாரும் பிரிக்காத உறையோடு. சேகரிப்பவர்கள் கெஞ்சியும் கொடுக்காமல் வைத்திருந்தார். அந்த உறையைக் கிழித்தார். பழைய ரப்பரைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதை வைத்தார். ஓட்டைத் துடைத்தார், பசையைச் சுரண்டினார், திருகாணிகளை முடுக்கினார். பிளஸ்ஸை அமுக்கினார். விரலை நன்றாக எதிர்த்து நின்று, பிறகு மடங்கி, துள்ளி மேலே வந்தது. அந்தத் துள்ளலில் அவருக்கு நெஞ்சு நிறைந்தது. இருந்த இடத்திலேயே அதை வைத்துவிட்டுத் தன் பக்கம் வந்துவிட்டார்.

தங்கை திரும்பி வந்து பையை அடுக்கும்போது கன்ட்ரோலர் சுத்தமாக இருப்பதைப் பார்த்தாளாம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வேண்டுமென்றால் அவரைக் கேட்க வேண்டும். துடைத்தது யாராக இருந்தால் என்ன என்று பையில் போட்டுக்கொண்டாள். மறுநாள் காலையில் குப்பை வண்டி வந்து போனது.

கிடங்கின் கட்டுப்பாட்டு அறையில் மூன்று திரைகள், ஒரு மேசை, ஒரு கண்ணாடிச் சுவர். கண்ணாடிக்கு அப்பால் எந்திரம் மஞ்சளாக, அசையாமல் நின்றது. குட்டியை வண்டியில் ஏற்றி இறக்க வேண்டுமென்று பாலிஷும் கூட வந்திருந்தார். சூப்பர்வைசர் தடித்த மனிதர். காலையிலேயே யார் மேலோ எரிச்சலோடு வந்திருந்தார். கடிகாரத்தைப் பார்த்து, "ம்" என்றார்.

குட்டியின் இடது கட்டைவிரல் பிளஸ்ஸின் வலப்பக்கத்தை அமுக்கியது. எந்திரம் அசையவில்லை. மறுபடி அமுக்கினான். நகம் வெளுத்தது. தோளுக்குள் மிச்சமிருந்த எதையோ கூப்பிடுவதுபோலத் தலையைச் சாய்த்தான். எந்திரம் ஒரு சாண் நகர்ந்து நின்றுவிட்டது.

"அக்கா, வேலை செய்யல."

தங்கை வயரைப் பார்த்தாள், டப்பாவைக் கழற்றி மாட்டினாள், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். "இப்பப் பாரு." அசையவில்லை. அவளே குனிந்து தன் விரலால் அமுக்கினாள். எந்திரம் வலப்பக்கம் சரசரவென்று ஓடியது.

அவள் விரலை எடுக்கவில்லை. அமுக்கியபடியே நின்றாள். பிறகு மெல்ல விட்டாள், ரப்பர் துள்ளியது. பையிலிருந்து திருப்புளியை எடுத்தாள். திருகாணிகள் ஒவ்வொன்றாக மேசையில் உருண்டன. ஓட்டைத் திறந்து, தடித்த புது ரப்பரைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, இரண்டு வருடத்தில் முதல் முறையாக, அண்ணனின் முகத்தைப் பார்த்தாள்.

"நீதானே?"

"பழசா இருந்துச்சு. மாத்தினேன்."

"பழசா? நான் சீவினது அது. பிளேட வச்சு, ஒவ்வொண்ணா, மூணு நாள் உக்காந்து சீவினது. இவன் விரலுக்குன்னு."

"எனக்கு எப்படித் தெரியும்? சொன்னியா?"

"உன்கிட்டயா?"

"என் பொருள்தானே அது! என் அலமாரில இருந்து திருடினதுதானே!"

"அப்ப பொருளுக்காகத்தான் பண்ணியிருக்க. இவன் எப்படிப் போனா உனக்கென்ன."

"யாருடி சொன்னா உனக்கென்னன்னு? ஒன்பது வருஷமா தூக்கிச் சுமக்கறது யாரு, நீயா?"

"தூக்கறத நிறுத்திட்டா உன்ன யாரும் மதிக்க மாட்டாங்கன்னு பயம். அதான் போகவிடாம..."

"வீட்டுச் சண்டைய வீட்ல வச்சுக்கங்க" என்றார் சூப்பர்வைசர். "ஏழு நிமிஷம் போச்சு."

"சார், கொஞ்சம் நிறுத்தி வைங்க சார்."

"கடிகாரத்த எவனுக்காகவும் நிறுத்த மாட்டேன். முடிச்சதும் எவ்வளவு ஆச்சுன்னு எழுதிக்குவேன். அவ்வளவுதான் நான் பண்ண முடியும்."

தங்கை மேசையில் கிடந்த பெட்டி அறுக்கும் கத்தியை எடுத்து, மழுங்கிய நுனியை ஒடித்துப் புது முனையை வெளியே தள்ளினாள். அவள் கை நடுங்கியது. எல்லோரும் பார்த்தார்கள்.

"குடு இங்க" என்றார் பாலிஷ். "நான் சீவறேன். நீ கிழிச்சுடுவ."

அவர் சொன்னது உண்மை. அந்த மூவரில் ஒரு மயிரிழையைப் பிளக்கும் கை அவருக்குத்தான் இருந்தது.

"அண்ணா தொட வேண்டாம்" என்றான் குட்டி.

"டேய், அவ கையப் பாருடா. எப்படி ஆடுது பாரு."

"அக்கா, நீயே பண்ணு. கிழிஞ்சா கிழியட்டும்."

குட்டி இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. கிண்டல் இல்லை, கோபம்கூட இல்லை. அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

தங்கை சீவ ஆரம்பித்தாள். மேல், கீழ். வலம். கத்தியை நெட்டுக்குத்தலாகப் பிடித்திருந்தாள்; அப்படிப் பிடித்தால் ரப்பருக்குள் இறங்கிவிடும். அவரால் பொறுக்க முடியவில்லை. "சாய்ச்சுப் பிடி" என்றார்.

"வாய மூடு."

நாலாவது கிண்ணத்தில் கத்தி இறங்கியது. இடது பக்கத்துச் சுவர் பிளந்து வாய் திறந்தது. கண்ணாடிக்கு அப்பால் யாரோ தள்ளுவண்டியை இழுத்துப்போகும் சத்தம் வந்து, தேய்ந்து, நின்றது. இனி எந்திரத்தை இடப்பக்கம் ஓட்ட முடியாது. பாலிஷ் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்காகவும் பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டார். மனசுக்குள்ள சிரிச்ச, எனக்குத் தெரியும் என்றாள் தங்கை.

குட்டிதான் முதலில் வாயைத் திறந்தான். "வலது கையில ரெண்டாவது பட்டன் சும்மாதானே இருக்கு? இடப்பக்கத்த அதுல போடு."

வட்டப் பட்டன் இரண்டில் ஒன்று பெட்டியைப் பிடிக்க. மற்றொன்றுக்கு வேலை இல்லை. எந்தப் பட்டன் என்ன சொல்ல வேண்டும் என்பதை அந்தச் சின்ன டப்பாதான் தீர்மானிக்கிறது. கன்ட்ரோலருக்குத் திசை தெரியாது. அமுக்கியது எது என்பதை மட்டும் வரிசையாகச் சொல்லும். தங்கை இரண்டு வட்டப் பட்டன்களின் ரப்பரையும் சீவினாள், அவை கிழியவில்லை. கம்ப்யூட்டரில் நாலு தட்டுத் தட்டி, இடப்பக்கத்தை வலது கையில் வைத்தாள். ஓட்டை மூடினாள். இரண்டு திருகாணிகளை மட்டும் முடுக்கிவிட்டு, "போ" என்றாள்.

குட்டி போனான். முதலில் குழம்பினான், இடப்பக்கம் போக வேண்டியபோதெல்லாம் அவன் இடது கட்டைவிரல் கிழிந்த பக்கத்தைத்தான் தேடியது. முதல் பெட்டிக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. மூன்றாவது பெட்டியில் விரல் புரிந்துகொண்டது. ஆறாவது பெட்டி விளிம்பில் தொங்கி, மெல்ல உள்ளே வந்தது. பத்தாவது பெட்டி கீழே இறங்கியபோது அவன் நெற்றி நனைந்திருந்தது. துடைத்துவிடப் பாலிஷ் கைக்குட்டையை எடுத்தார். குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சூப்பர்வைசர் காகிதத்தில் எழுதினார். "இருபதுக்கு முப்பத்தெட்டு."

பேனாவை மூடாமல் நிமிர்ந்தார்.

"இதுல இவங்க சண்டை எவ்வளவு?" என்று குட்டியைக் கேட்டார்.

"இருபது."

"அப்ப பதினெட்டு." அடித்துவிட்டு மறுபடி எழுதினார். "தினமும் இவங்களும் கூட வருவாங்களா?"

"சத்தியமா வர மாட்டாங்க சார். நான் வரவிட மாட்டேன்."

"எழுதிக் குடுக்கச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். என் வார்த்தை போதும்."

"அப்ப திங்கக்கிழமை வா."

வண்டி வரும்வரை மூவரும் வாசலில் காத்திருந்தார்கள். தங்கை தள்ளிப்போய் நின்றாள். பாலிஷ் சக்கர நாற்காலியின் பின்னால் நின்றார். தம்பியின் முகம் அவருக்குத் தெரியவில்லை.

"நான் வேணும்னு பண்ணலடா."

"சரி. ஒண்ணு மட்டும் சொல்லு. ரப்பர் பழசுன்னு மாத்தினியா, நான் போயிடுவேன்னு மாத்தினியா?"

பாலிஷ் யோசித்தார். பொய் சொல்லக் கூடாது என்றுதான் யோசித்தார். உறையைக் கிழித்த தன் விரல்களை, அந்தத் துள்ளலை, பாதிப் படியில் கேட்ட சிரிப்பை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பழசு என்பது எது, போய்விடுவான் என்பது எது என்று எதிலும் ஒட்டுப்போட்ட இடம் தெரியவில்லை. வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கிப் பின்கதவைத் திறந்தார்.

"இவ்வளவு நேரம் யோசிக்கிற பாரு" என்றான் குட்டி, "அது போதும். ஓட்டுநர் அண்ணே, நீங்க கொஞ்சம் தூக்கி விடறீங்களா?"

திங்கட்கிழமை குட்டி கிடங்குக்குப் போனான். தரைத்தளத்து அறையிலேயே தங்கிவிட்டான். நாலு வருடம் அந்த வேலையில் இருந்தான். வலது கட்டைவிரலும் நின்றுபோனபின் உதட்டால் ஊதி இயக்கும் குழாய் ஒன்றை மருத்துவமனையில் பொருத்திக்கொண்டு, இன்னும் ஒரு வருடம் வேலை பார்த்தான். பிறகு நுரையீரல் கெட்டு இறந்தான். அந்த ஐந்து வருடத்தில் அண்ணனை ஏழு தடவை பார்த்தான். அதில் மூன்று மருத்துவமனையில். தங்கை அந்த மாதமே தன் மேசையை எடுத்துக்கொண்டு வேறு தெருவுக்குப் போனாள். இப்போது அவளிடம் இரண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். மாதத்துக்கு முப்பது நாற்பது கன்ட்ரோலர்களை அறுக்கிறார்கள். சூப்பர்வைசர் ஓய்வு பெற்றுவிட்டார். பாலிஷ் அதே கடையில் இருக்கிறார். அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை.